கட்டில் நுழையும் கதவு

சங்கரன்கோவிலில் சொந்தமாகப் படகு வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் தெருவில்தான் இருந்தார். பெரிய மீசை, இடுப்பில் பெயின்ட் சொட்டிய சாரம். கடல் மூன்று மணி நேரப் பயணத் தொலைவில் இருந்தது. நடுவில் அறை வைத்த பழைய மரப்படகைத் தூத்துக்குடியிலிருந்து லாரியில் கொண்டுவந்து, வீட்டை ஒட்டிய காலி மனையில் நிறுத்திப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் கோடையிலேயே பலகைகள் காய்ந்து விரல் நுழையும் அளவுக்கு விலகிவிட்டன. அன்றிலிருந்து தினமும் இரண்டு குடம் தண்ணீரைப் படகின் மேல் ஊற்றினார். குழாயில் தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறை வரும் தெருவில், என்னைவிட ஒழுங்காகக் குளித்தது அந்தப் படகுதான்.

நகைச்சுவை எழுதுகிற நான் சும்மா போக முடியுமா?

"அண்ணாச்சி, ரூம் கதவு என்ன இம்புட்டு அகலம்? கோயில் யானையவா ஏத்தப் போறீய?"

"கட்டிலு நுழையணும்லா வே. அவளால உக்கார முடியாது. படுத்துக்கிட்டே கடலப் பாக்கட்டும்."

படுக்கையில் கிடந்த அவர் மனைவி எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தார்.

பிறகு ஒரு மாதம் சென்னையில் இருந்துவிட்டுத் திரும்பினேன். படகு புது நீலத்தில் மின்னியது. அவர் குடத்தோடு நின்றார்.

"எப்ப அண்ணாச்சி கிளம்புதீய?" என்றேன், சிரித்தபடி.

"அவ போயி பதினெட்டு நாளாச்சு வே."

"அப்ப தண்ணி எதுக்கு?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"காஞ்சா பிளந்துரும்லா."

மறுநாள் எங்கள் குழாயில் தண்ணீர் வந்தது. ஒரு குடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் வாங்கி ஊற்றினார். இரண்டு பேரும் கதவுப் பக்கம் பார்க்கவில்லை.