பின்சக்கரத்து மஞ்சள் கோடு

இரண்டாயிரத்துகளின் நடுவில் நானும் என் மனைவியின் தம்பியும் சேர்ந்து ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினோம். இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய பழைய ஜப்பான் கார். வேலம்பாளையத்தில் எங்கள் பனியன் யூனிட்டை ஒட்டிய ஷெட்டில், நூல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் அது நின்றது. ரோட்டில் ஓட்டுவதற்கு வாங்கியதல்ல. கோயமுத்தூருக்குப் பக்கத்தில் இருந்த ரேஸ் டிராக்குக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கொண்டுபோவோம். எங்களைப் போலவே வாரம் முழுக்க ஷிப்மென்ட் ஷிப்மென்ட் என்று போனில் கத்திக்கொண்டிருக்கும் சில பேர் அங்கே கூடுவார்கள்.

மச்சினன் என்னைவிட வேகமாக ஓட்டுவான். அதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒரு ஞாயிறு, வளைவுக்குள் போய்க்கொண்டிருக்கும்போதே அவன் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டான். பின்பக்கம் வாலைப்போல வெளியே வீசி, கார் முழுச் சுற்று சுற்றி, அடுக்கி வைத்திருந்த டயர்களுக்குக் கொஞ்சம் முன்னால் புல்லில் போய் நின்றது. அன்றைக்கு என் மனைவியும் வந்திருந்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்த கையோடு அப்படியே நின்றாள். அவன் சிரித்துக்கொண்டே நடந்து வந்தான். அவள் அவனிடமும் பேசவில்லை, வீடு திரும்பும்வரை என்னிடமும் பேசவில்லை.

எங்கள் மெக்கானிக் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர். ஞாயிறு சர்ச்சுக்குப் போவார் என்பதால் டிராக்குக்கு வரமாட்டார். அந்த வாரம் அவரை ஷெட்டுக்கு வரச்சொல்லி, பின்சக்கரங்களை எங்கள் கண்ணெதிரே சரிபார்க்கச் சொன்னோம். காரின் இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வைத்து, தையல் நூல் கோனிலிருந்து நூலை இழுத்து நேர்கோடாகக் கட்டினார். சக்கரத்தின் முன் விளிம்புக்கும் நூலுக்கும் எவ்வளவு இடைவெளி, பின் விளிம்புக்கு எவ்வளவு என்று ஸ்கேல் வைத்து அளந்தார். பின்சக்கரங்கள் இரண்டின் முன் விளிம்புகளும் லேசாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தன. வால் வீசியதற்கு அதுதான் காரணம்.

“உள்ளாற பாக்க வச்சிரட்டுமா அண்ணாச்சி?” என்று கேட்டார்.

“ரொம்ப வேண்டாங்க. கொஞ்சமா வையுங்க. நெறைய வச்சா வளைவுல திரும்பாது” என்றான் மச்சினன். எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்ம் ஒரு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். அந்த போல்ட்டின் வாஷர், மையம் விலகிய வட்டம். அதைத் துளி திருப்பினாலும் சக்கரத்தின் பார்வை மாறும். மெக்கானிக் திருப்பி முறுக்கி, வாஷருக்கும் அது உட்கார்ந்திருக்கும் இரும்புக்கும் குறுக்காக மஞ்சள் பெயின்ட்டில் கோடு இழுத்தார். போல்ட் நகர்ந்தால் கோடு உடைந்து தெரியும்.

அடுத்த ஞாயிறு நான் முதலில் ஓட்டினேன். கார் செத்துக் கிடந்தது. ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் முன்பக்கம் நேராகவே தள்ளிக்கொண்டு போனது. எனக்குப் பிறகு ஓட்டிய மச்சினனும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் இறங்கினான். ஆனாலும் அவன் என்னைவிடச் சீக்கிரம் சுற்றி வந்திருந்தான். எனக்கு அங்கேதான் முதல் முள் குத்தியது. இவனுக்கு மட்டும் எப்படி ஓடுகிறது?

குனிந்து பார்த்தேன். மஞ்சள் கோடு நேராக இருந்தது.

மறுநாள் மெக்கானிக்கிடம் கேட்டேன். “வச்சது வச்சபடிதான் இருக்கு அண்ணாச்சி” என்றார். சொல்லும்போது கையிலிருந்த ஸ்பேனரைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார். அதையும் மனதில் குறித்துக்கொண்டேன். ஷெட் சாவி என்னிடம் ஒன்று, அவனிடம் ஒன்று, ஆபீஸ் மேஜையில் ஒன்று. அந்த வாரம் மச்சினன் ஆபீசுக்கு வந்தபோதெல்லாம் அவன் நகக்கண்ணில் கிரீஸ் இருக்கிறதா என்று பார்த்தேன். டீயை ஊற்றிக் கொடுக்கும்போதுகூட அவன் விரல்களையே பார்த்தேன். அவனும் என்னை ஒருமாதிரி பார்ப்பதாகத் தோன்றியது. குற்றமுள்ள நெஞ்சு அப்படித்தான் பார்க்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மெக்கானிக்கை அழைத்து மறுபடி நூல் கட்டினோம். பின்சக்கரங்கள் நாங்கள் சொன்னதைவிட நன்றாகவே உள்ளே பார்த்தன. நான் மச்சினனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். நாங்கள் முதலில் சொன்ன அளவுக்கே கொண்டுவந்து மெக்கானிக் மறுபடி கோடு போட்டார்.

அவர்கள் போன பிறகு நான் ஒரு வேலை செய்தேன். வெள்ளைத் துணி பளிச்சென்று தெரியச் சாயப்பட்டறையில் ஒரு மருந்து கலப்பார்கள். சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஊதா விளக்கில் நீலமாக மின்னும். அதைக் கொஞ்சம் வாங்கி வந்து, மஞ்சள் கோட்டுக்குத் தள்ளி, வாஷரிலும் இரும்பிலுமாகக் குச்சியால் இன்னொரு கோடு இழுத்துவைத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், தைத்த பனியன்களைச் சோதிக்கும் எங்கள் செக்கிங் மேஜையிலிருந்த கையடக்க ஊதா விளக்கை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டுக் காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் படுத்தேன். மஞ்சள் கோடு துளியும் பிசகாமல் இருந்தது. விளக்கைப் போட்டேன். நீலக் கோடு இரண்டாக உடைந்து, வாஷரில் ஒரு துண்டும் இரும்பில் ஒரு துண்டுமாக விலகி நின்றது. யாரோ போல்ட்டைத் திருப்பி, பழைய பெயின்ட்டைத் துடைத்து, புதுக்கோடு போட்டிருக்கிறார்கள். நான் சந்தேகப்பட்டது வீண் இல்லை என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது.

மச்சினனை உடனே வரச்சொன்னேன். விளக்கைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு எழுந்தவன், “அப்ப நீங்க இல்லீங்களா மச்சா?” என்றான்.

“நானா?”

“நான் சுத்துனதுல நீங்க பயந்துபோய் மாத்தி வச்சுட்டீங்கன்னு நெனச்சேன். வெளிய சொல்லக் கூச்சப்படறீங்கன்னு விட்டுட்டேன்.”

“நடிக்காத மாப்ள. உனக்குத்தான் இது தோதா ஓடுது.”

“எனக்கு என்னங்க தோது? நீங்க ஓட்டத் தெரியாம ஓட்டறதுக்கு நான் போல்ட்ட முறுக்கோணுமா?”

இதற்குமேல் நாங்கள் பேசியதை எழுத வேண்டியதில்லை. காரைப் பற்றி ஆரம்பித்தது, அவன் அக்காவுக்கும் எனக்கும் நடந்த கல்யாணத்தில் யார் யாரை மதிக்கவில்லை என்பதுவரை போனது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு என் மனைவி வந்தாள். செக்கிங் செக்‌ஷன் அவள் பொறுப்பு. “ஏனுங்க, லைட்டத் தூக்கிட்டு வந்துட்டீங்க. அங்க பீஸெல்லாம் அப்படியே கெடக்குது” என்றவள், எங்கள் முகங்களையும் தூக்கி நிறுத்தியிருந்த காரையும் பார்த்தாள்.

“நாந்தானுங்க மாத்தச் சொன்னேன்” என்றாள்.

மச்சினன் கையிலிருந்த விளக்கை அணைத்தான்.

“அன்னைக்கு இவன் சுத்துனதப் பாத்தேனல்ல. மெக்கானிக்கிட்டக் கேட்டேன், வால் அடங்கறதுக்கு என்ன பண்ணோணும்னு. பின்சக்கரத்த உள்ள பாக்க வச்சாப் போதும்னாரு. வச்சுருங்கன்னேன். ரெண்டு தடவையும் சாவிய நாந்தான் குடுத்தேன். ஊட்டுல சொல்லிப்போடாதீங்கன்னும் சொன்னேன்.”

“எங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கலாமல்ல அக்கா” என்றான் அவன்.

“நீங்க ஓட்டப் போறதுக்கு முன்னாடி என்கிட்ட ஆரு கேட்டீங்க கண்ணு?”

எனக்கு முதலில் கோபம் வந்தது மெக்கானிக் மேல். வச்சபடிதான் இருக்கு என்று அவர் சொன்னது பொய் இல்லை, யார் சொல்லி வைத்தது என்பதை மட்டும் விட்டுவிட்டார். கோபம் இறங்கியபோது, அந்தப் புல்தரையில் அவள் டப்பாவோடு நின்றது நினைவுக்கு வந்தது. அன்று அவள் என்ன நினைத்தாள் என்று நான் இதுவரை கேட்டதே இல்லை.

அடுத்த முறை டிராக்குக்கு அவளையும் கூட்டிப்போனேன். ஹெல்மெட் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு சுற்று மெதுவாகவும் ஒரு சுற்று வேகமாகவும் போனேன். இறங்கியதும் மரத்தடிக்குப் போய் வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிவிட்டு வந்து, “திரும்பவே மாட்டேங்குது. அதுவும் பயமாத்தான் இருக்குது” என்றாள். மெக்கானிக் அவள் சொன்ன அளவுக்கும் நாங்கள் சொன்ன அளவுக்கும் நடுவில் வைத்தார். அதற்குப் பிறகு யாரும் அதை மாற்றவில்லை. வால் வீசவும் இல்லை.

காரைச் சரிசெய்தது சுலபமாக இருந்தது. மச்சினனும் நானும் அன்றைக்குப் பேசிய பேச்சு அப்படியே கிடந்தது. அடுத்த வருஷம் அவன் தனக்கென்று வேறு கார் எடுத்துக்கொண்டு தனியாக வர ஆரம்பித்தான். எதிரெதிரே பார்த்தால் நன்றாகத்தான் பேசிக்கொள்கிறோம். சமீபத்தில் ஊத்துக்குளியில் ஒரு கல்யாணத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தான். “மச்சா, வண்டிக்கு இப்ப என்ன அளவு வச்சிருக்கீங்க?” என்று கேட்டான். அன்று நடுவில் வைத்ததுதான், மாற்றவே இல்லை என்று உள்ளதைச் சொன்னேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். அவன் நம்பவில்லை.