கிரேன் பார்க்கப் போன நாள்

ஆறாம் வகுப்பில் எங்களைப் பேருந்தில் ஏற்றித் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனார்கள், புதிதாக வந்திருந்த கண்டெய்னர் கிரேனைப் பார்க்க. எங்கள் வீட்டில் அந்தக் கண்டெய்னரைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. அப்பா கப்பலில் மூட்டை ஏற்றி இறக்கும் தொழிலாளி. இரும்புப் பெட்டிகள் வரவர, வாரத்தில் இரண்டு நாள் வேலை கிடைப்பதே அவருக்குப் பெரும்பாடாகிவிட்டது. அம்மாவுக்கு இறால் கம்பெனியில் தோல் உரிக்கிற வேலை. குளிரூட்டிய பெட்டிகளில் இறால் ஜப்பானுக்குப் போகத் தொடங்கியதும் அவளுடைய வேலை நிரந்தரமானது. நான் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தது அந்தச் சம்பளத்தில்தான்.

"ஒங்க வேலையத் தின்ன பெட்டிதான் இப்ப நமக்குச் சோறு போடுது" என்று அம்மா ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அப்பா அன்று சாப்பிடவில்லை.

துறைமுக வாசலில் எங்கள் பேருந்து நின்றுவிட்டது. சுமைத் தொழிலாளர்கள் வேலை கேட்டு வழியை மறித்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது வரிசையில் அப்பா. ஜன்னலில் என்னைக் கண்டதும் கோஷத்தை மறந்து, முகமெல்லாம் சிரிப்பாகக் கையை ஆட்டினார். பக்கத்திலிருந்தவரிடம் என்னைச் சுட்டிக்காட்டினார்.

என்னருகே இருந்தவள் கப்பல் ஏஜென்ட் மகள். "ஏளா, அந்தாளு ஒன்னப் பாத்துத்தான் கையாட்டுதாரு. யாரு?"

"எனக்கென்ன தெரியும்? ஏதாவது கிறுக்கா இருக்கும்."

சொல்லிவிட்டு ஜன்னல் கண்ணாடியை இழுத்துச் சாத்தினேன். சாத்தும்போது அப்பாவின் கை மெல்லக் கீழே இறங்கியது தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் வழி விட்டார்கள்; உள்ளே போய்க் கிரேனைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். மாலையில் அப்பா ஜன்னலைப் பற்றிப் பேசவில்லை. கிரேனைப் பற்றித்தான் கேட்டார்.

"ஒரு பெட்டிய எறக்க எவ்வளவு நேரமாச்சு தாயி?"

"ரெண்டே நிமிஷம்ப்பா!" என்றேன், நானே இறக்கியதுபோல. அவ்வளவு சரக்கை இறக்க அப்பாவின் ஆட்களுக்கு ஒரு பகல் வேண்டும்.

"நல்ல மிஷினுதான்" என்றார்.

அடுத்த வாரம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். அம்மாவுக்கு லீவு கிடைக்காததால் அப்பா சைக்கிளில் அழைத்துப்போனார். தெருமுனை திரும்பியதும், பள்ளி வாசலில் என் தோழிகள் கூட்டமாக நிற்பது தெரிந்தது. அப்பா சட்டென்று பிரேக் பிடித்தார்.

"இங்கன எறங்கிக்கோ தாயி. அப்பாவுக்கு வேலைக்கு நேரமாயிட்டு. வர முடியலன்னு டீச்சர்ட்ட சொல்லிரு."

தப்பித்தோம் என்று இறங்கி ஓடினேன். மூட்டை தூக்கப் போகிறவர் எதற்காக இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார் என்று எனக்கு அப்போது யோசிக்கத் தெரியவில்லை.