துரை கொடுத்த தூரக்கண்ணாடி

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பிப் போன வருஷம் அது. பங்களாவில் பூச்செடி பார்த்துக்கொண்டிருந்த அப்பாவைக் கூப்பிட்டு, மேசையில் கிடந்த இரண்டு தூரக்கண்ணாடிகளில் பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன நானும் அங்கே நின்றேன்.

ஒன்று பெரியது, கறுப்பு, தோல் வார் போட்டது. மற்றது சின்னது, பித்தளை தேய்ந்தது. அப்பா பெரியதை எடுக்க வேண்டுமே என்று நான் வேண்டிக்கொண்டேன். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில்தான் அக்காவைக் கட்டிக் கொடுத்திருந்தோம். கல்யாணப் பந்தியில் சம்பந்தி வீட்டோடு சண்டை. அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார். அவர்களும் அக்காவைத் தீபாவளிக்குக்கூட அனுப்பவில்லை. அம்மா கொழுந்து எடுக்கிற மலையிலிருந்து எதிர்மலையையே பார்த்து நிற்பாள், கங்காணி சத்தம் போடும்வரை.

“என்னண்ணே, அங்கிட்டு உள்ள கொழுந்த எண்ணப் போறீங்களா?” என்று பங்களாச் சமையல்காரர் கேலி பண்ணினார்.

அப்பா காதில் வாங்கவில்லை. சின்னதை வைத்து எதிர்மலையைப் பார்த்தார். பிறகு பெரியதை. அதில் வெகுநேரம் பார்த்தார்.

“அக்கா தெரியுதாப்பா? எனக்கும் குடுங்க.”

“ஒனக்கு இது பாரம் புள்ள.” சின்னதைத்தான் தந்தார். கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு நடுவே சிவப்புத் தலைத்துணி ஒன்று அசைந்தது. அக்காதான். முகம் தெரியவில்லை.

“பெருசையே எடுங்கப்பா. மூஞ்சி தெரியும்.”

“சும்மா இரு.”

துரையே பெரியதை நகர்த்தி வைத்தார். அப்பா வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு, சின்னதைக் கையில் வைத்துக்கொண்டு கும்பிட்டார்.

எதிர்மலைப் பெண்கள் கொழுந்து நிறுக்கப் போகிற நேரத்தில், அம்மா நாங்கள் குடியிருந்த லயத்து வாசலில் நின்று பார்த்தாள். அந்தச் சிவப்புப் புள்ளியே அவளுக்குப் போதுமாக இருந்தது.

“நிமிந்து நடக்குறா பாருங்க. நல்லாத்தாங்க இருக்கா.”

அப்பா அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோட்டை மாட்டிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே சம்பந்தி வீட்டுக்குப் போனார். அதன் பிறகும் ஞாயிறு தவறாமல் போனார். கண்ணாடியில் கிட்டத் தெரிந்ததால் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் அந்தப் பெரியதுக்காக ஏங்கினேன். சின்னதை எவ்வளவு திருகினாலும் அக்காவுக்கு முகம் வரவில்லை.

புருஷன் முறுக்கிய கையைத் துணியில் தொங்கவிட்டு, துரை போன அந்த மாதம் முழுக்க ஒற்றைக் கையால் கொழுந்து எடுத்ததை அக்கா எனக்குச் சொன்னபோது அவளுக்கே தலை நரைத்திருந்தது. அம்மா கண்ணில் அது படக்கூடாதென்றுதான் அப்பா மங்கலானதைத் தேடி எடுத்திருக்கிறார். நானோ, நல்லதைக் கண்டு எடுக்கத் தெரியாதவர் என்று அவரோடு முகம் கொடுத்துப் பேசாமல் திரிந்தேன்.