கழுவக் கூடாத ஃபில்டர்

தையல்காரியின் புருஷனுக்கு நெஞ்சு கெட்டுப்போய், மூச்சு மெஷின் இல்லாமல் ஒரு பொழுது ஓடாது. மெஷினைச் செய்த கம்பெனியோ கடையைச் சாத்திக்கொண்டு போய்விட்டது. முகம் தெரியாத நாலு பேர் சும்மா கிடைத்த நேரத்தில் அந்த மெஷினைப் பராமரிப்பது பற்றி இணையத்தில் சேர்ந்து எழுதிய விக்கிப் பக்கம்தான் கதி. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். அவளும் எழுதினாள்: வெளியே இருக்கிற கறுப்புப் பஞ்சைக் கழுவலாம், உள்ளே இருக்கிற வெள்ளை ஃபில்டரில் தண்ணீர் படவே கூடாது, பட்டால் மெஷின் செத்தது.

ஒரு மகானுபாவன் வந்தான். வளவளவென்று இருக்கிறதாம். எல்லாவற்றையும் ஒரே வரியாக்கினான்: ‘ஃபில்டர்களைக் கழுவவும்.’ முடி வெட்டச் சொன்னால் காதை அறுத்த கதை. அவள் மாற்றுவாள், அவன் திருப்பிப் போடுவான். பக்கத்தைக் காவல் காக்கும் ரிட்டையர்டு வாத்தியார், சண்டை ஓயட்டும் என்று, யாரும் திருத்த முடியாதபடி அதைப் பூட்டிவிட்டார். பூட்டும்போது அவன் வரிதான் மேலே இருந்தது.

விவாதத்துக்கென்று இருக்கிற பின்பக்கத்தில் பேசித் தீர்க்க வேண்டுமாம். படிக்க வருகிறவன் முன்பக்கத்தோடு போய்விடுவான். பின்பக்கத்தில் சண்டைக்காரர்கள்தான் குடியிருப்பார்கள். ஆதாரம் எங்கே என்றார்கள். என் புருஷன் விடுகிற மூச்சுதான் ஆதாரம் என்றாள். அது செல்லாதாம்.

அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் டிரைவர் அங்கே வந்து எழுதினான். அப்பாவின் மெஷினைப் பிரித்துவிட்டானாம், பக்கத்தில் சொன்னபடியே செய்யப்போகிறானாம், எல்லாருக்கும் நன்றியாம். கழுவாதே என்று அவள் அடித்துப்பிடித்துப் பதில் போட்டாள். சத்தமே இல்லை. வாத்தியாருக்குப் போன் போட்டாள்.

“சார், பூட்டைத் திறங்க.”

“இன்னொருத்தர் கருத்து வரணும்மா. விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

“உங்க விதியை நீங்களே வெச்சுக்குங்க. அங்க ஒருத்தன் குழாயடியில நிக்கிறான்.”

வாத்தியார் போனை வைத்தார். பூட்டு திறந்தது. வரியை மாற்றினாள். பின்பக்கத்துக்குப் போனால் டிரைவரின் பதில் காத்திருந்தது.

“இப்பதான் பாத்தேன் அக்கா. ரெண்டையும் கழுவிட்டேன். காஞ்சதும் போட்டுரலாமா? அப்பா ஆக்ஸிஜன் சிலிண்டர்லதான் இருக்காரு, அது தீரப் போகுது.”

போடாதே என்று எழுதிவிட்டு, எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டாள். பீரோவைத் திறந்தாள். அலையாத இடமெல்லாம் அலைந்து வாங்கிய ஒரே ஒரு புது வெள்ளை ஃபில்டர், புருஷனுக்கென்று பொத்திவைத்தது. எடுத்துப் பையில் போட்டாள்.

கட்டிலில் இருந்த புருஷன் மூக்குக் குழாயை விலக்கிக் கேட்டார். “நமக்கு?”

“உங்களுது இன்னும் ஓடுதுல்ல,” என்றாள், செருப்பைத் தேடிக்கொண்டே.

அவர் மெஷினின் உள்ளே இருக்கிற வெள்ளை ஃபில்டர் அழுக்கேறிக் கறுத்துக் கிடந்தது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.