மறுநாள் போட்ட ஊசி

விளாங்குடியில் எங்கள் பின்வீட்டுப் பசு பருவத்துக்கு வந்து காலையிலிருந்து ஓயாமல் கத்தியது. இன்றே சினை ஊசி போடச் சொன்னேன். "நாளைக்குப் பாத்துக்கலாம்க்கா" என்றார் மாட்டுக்காரர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அப்பாவும் இதையேதான் சொல்வார்.

அப்போது வாடிப்பட்டியில் எங்கள் செவலைப் பசு கத்தும்போதெல்லாம், "இன்னைக்கே டாக்டரக் கூட்டியாங்க, பருவம் தப்பிரும்" என்று அம்மா கெஞ்சுவாள். அப்பா மறுநாள்தான் போவார். மூன்று முறையும் சினை பிடிக்கவில்லை. மலட்டு மாடு என்று விற்றுவிட்டார். வெறும் தொழுவத்தில் நின்று அம்மா அழுதாள்.

வாங்கியவர், மாடு கத்திய அன்றே ஊசி போட்டார். அடுத்த வருடம் அது கன்று ஈன்றது. எங்கள் வீட்டுக்குச் சீம்பால் வந்தது. அப்பா ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, "அந்தாளு ராசிக்காரன்" என்றார்.

"ராசியில்ல, அவரு அன்னைக்கே போனாரு" என்றாள் அம்மா. சீம்பாலை அவள் தொடவில்லை. அப்பாவுக்குக் கடைசிவரை அது உறைக்கவேயில்லை.