சாயக்குழிக்குப் பக்கத்துக் கிணறு

கமலாட்சிக்கு வாய் அதிகம் என்று தெருவில் பேர். நெசவு செய்யும் வேணுகோபாலின் மனைவி. அவர் தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்தபடியே இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தாள். அறுபத்தெட்டாம் வருஷக் கோடையில் தெருக்கிணற்றுத் தண்ணீரில் பொங்கிய சோறு இளஞ்சிவப்பாக வந்தது. கிணற்றை ஒட்டினாற்போல காசிநாதனின் சாயப்பட்டறை. பட்டு அலசிய தண்ணீரெல்லாம் அதன் பின்னாலிருந்த குழியில்தான் போய் விழுந்தது.

ஆண்களுக்கு அது பெரிதாகப் படவில்லை. பட்டறை பக்கத்தில் இருந்தால் பட்டு சீக்கிரம் கைக்கு வரும், தறி நிற்காது. அடுப்படியில் குடம் நிறைந்திருந்தால் அவர்களுக்குப் போதும். அந்தத் தண்ணீரை இறைத்ததும் காய்ச்சியதும் பெண்கள். வயிற்றுப்போக்கில் கிடந்த பிள்ளைகளின் துணிகளை அதிலேயே அலசியதும் அவர்கள்தான்.

கோயில் மண்டபத்தில் தெருக்கூட்டம் நடந்தபோது பெண்கள் தூண்களுக்குப் பின்னால் நின்றார்கள். கமலாட்சி மட்டும் முன்னால் வந்தாள்.

"குழிய தெருக்கோடிக்கு மாத்துங்க. எங்க கொழந்தைங்க இதத்தான் குடிச்சிக்கினு இருக்குதுங்க."

காசிநாதன் கோபப்படவில்லை. "குழிய மாத்தணும்னா பட்டறைய நிறுத்தணும். பட்டறை நின்னா உங்க வூட்டுத் தறியும் நிக்கும். உங்க வூட்டுக்காரரையே கேளும்மா" என்றார்.

எல்லோரும் வேணுகோபாலைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வூட்டுக்குப் போ" என்றார்.

மறுநாளிலிருந்து குடிதண்ணீருக்காக ஊருக்கு வெளியே ஓரிக்கைப் பக்கம் பாலாற்றுக்குப் பெண்களைக் கூட்டிக்கொண்டு நடந்தாள் கமலாட்சி. வறண்ட மணலில் ஊற்று தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பினார்கள். வைகாசியில் ஊற்று ஆளுயர ஆழத்துக்கு இறங்கிவிட்டது. ஒரு காலையில் அடுத்த வீட்டுப் பட்டம்மாள் உள்ளே இறங்கி மொண்டுகொண்டிருந்தபோது மணல் சரிந்தது. மேலே நின்றவர்கள் வெறுங்கையால் வாரினார்கள். முகம் தெரிவதற்குள் உயிர் போயிருந்தது.

தெருவிலேயே கிணறு இருக்கும்போது ஆற்றுக்கு யார் போகச் சொன்னது என்று இழவு வீட்டில் ஆண்கள் பேசிக்கொண்டார்கள். பட்டம்மாளின் புருஷன் பரசுராமன் அதற்குப்பிறகு கமலாட்சியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது. வெகுநாள் வரை, நகக்கண்ணில் மணல் இருக்கிறதென்று கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

வேணுகோபால் சைக்கிளில் இரண்டு குடங்களைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போக ஆரம்பித்தார், தெரு எழுந்திருக்கும் முன்பே. "இனிமே நீ எறங்காத" என்று மட்டும் அவளிடம் சொன்னார். கூட்டங்களில் அவர் வாய் திறக்கவேயில்லை.

எழுபத்துமூன்றில் தெருவுக்கு ஒரு குழாய் வந்தது. எங்கே நடுவது என்று ஆண்களே பேசி முடித்து, பட்டறை வாசலில் நட்டார்கள். தண்ணீர் விட்டதும் முதலில் பட்டறைத் தொட்டிதான் நிரம்பியது. பெண்கள் வெயிலில் காத்துக்கிடந்தார்கள்.

"நீங்க கேளுங்களேன்க்கா. உங்களுக்குத்தான் பேச வரும்னு சொல்றாங்களே" என்றாள், தெருவுக்குப் புதிதாக வந்த மருமகள் ஒருத்தி.

கமலாட்சி நகக்கண்ணைப் புடவையில் தேய்த்துத் துடைத்துக்கொண்டாள். குடத்தைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்தாள்.