துண்டுக்குள் ஒரு சோப்பு விலை

சேலம் ஜெயிலுக்குள் சோப்பு வாங்குவது எப்படி என்று என் அக்கா வீட்டுக்காரருக்குப் பாடம் நடத்தியவன் நான். அந்த ஜெயிலை அதற்குமுன் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ஆனாலும் நாமக்கல்லில் ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தவன் என்பதால், வாங்குவதிலும் விற்பதிலும் எனக்குத் தெரியாதது இல்லை என்று ஒரு நினைப்பு. அறுபதுகளின் தொடக்கம் அது. மீசை அப்போதுதான் ஒழுங்காகக் கறுத்திருந்தது. நினைப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

மாமா மாட்டுத் தரகர். ஒரு காளை விற்ற தகராறில் சந்தையிலேயே ஒருவரைச் சாட்டைக் கம்பால் அடித்து, அவருக்குக் கை முறிந்து, மாமாவுக்கு ஒரு வருடத் தண்டனை. உள்ளே போன மூன்றாம் மாதம் விரலிடுக்கெல்லாம் சொறி வந்துவிட்டது. வெளியிலிருந்து சோப்பு கொண்டுபோய்க் கொடுக்க விடமாட்டார்கள். வாசலில் அவர் பேரில் பணம் கட்டலாம். அதை வைத்து வாரம் ஒருநாள் உள்ளே இருக்கும் கேண்டீனில் அவரே வரிசையில் நின்று சோப்பு, எண்ணெய், பீடி வாங்கிக்கொள்ளலாம்.

சொறிதானே என்று விடுவதற்கில்லை. மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. கைமேல் துண்டைப் போட்டு மூடி, அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் பேசுவார்கள். எத்தனை விரல் என்பதுதான் விலை. சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. சொறிக் கையோடு வெளியே வந்தால் எவன் அந்தத் துண்டுக்குள் கை விடுவான்? அக்காவின் கவலை அதுதான். ஒருமுறை போய் அழுதுவிட்டு வந்ததால், இனி வரவேண்டாம் என்று மாமா அவளிடம் சொல்லிவிட்டார். அதனால் நான் போகவேண்டியதாயிற்று.

"சோப்பு வாங்கச் சொல்லு சாமி. வேற ஒண்ணும் வேண்டாம்," என்று சொல்லி அனுப்பினாள்.

நான் அதோடு விடவில்லை. கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று என் தொழில் ஞானத்தையும் சேர்த்துச் சொன்னேன். "கடைக்காரன் மொதல்ல சொல்ற வெலை எப்பவும் பொய்ங்க மாமா. எங்க மொதலாளியே அப்பிடித்தான். அடிச்சுப் பேசி வாங்குங்க."

மாமா தலையாட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்தமுறை போனபோது விரல்கள் முன்னைவிட மோசம். சோப்பு என்ன ஆயிற்று என்றேன்.

"நீ சொன்னாப்பலதான் மாப்ளே பேசுனேன்."

எப்படிப் பேசினார் என்பதையும் அவரே சொன்னார். சோப்பு எட்டணா என்று கேண்டீன் வார்டர் சொல்லியிருக்கிறார். மாமா தோளில் கிடந்த ஜெயில் துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டு, அடியில் நான்கு விரலைச் சேர்த்துப் பிடித்துவிட்டார். நாலணாவுக்குக் கேட்டிருக்கிறார். வார்டரோ கைதி தன் கையை முறிக்கப் போகிறான் என்று ஊதலை எடுத்து ஊதிவிட்டார். மாமா எதற்காக உள்ளே வந்தவர் என்பது அவருக்குத் தெரியும். ஒரு மாதத்துக்குக் கேண்டீன் கிடையாது என்றாகிவிட்டது.

அக்காவிடம் வார்டர் முரடர் என்று மட்டும் சொன்னேன். என் ஆலோசனையைப் பற்றிச் சொல்லவில்லை.

தடை முடிகிற வாரத்தில் மறுபடி போனேன். இந்தமுறை பேச்சு கிடையாது, ஒத்திகைதான் என்று முடிவு செய்திருந்தேன்.

"நாந்தான் கேண்டீன்காரன். கேளுங்க மாமா."

"சோப்பு ஒண்ணு குடுங்க."

"எட்டணா."

மாமாவின் வலது கை தானாகத் தோளுக்குப் போனது.

"துண்ட உடுங்க மாமா. கையப் பின்னால கட்டிக்குங்க. சரிங்கன்னு சொல்லோணும், அவ்வளவுதான்."

"அதெப்படி மாப்ளே? சொன்ன வெலைக்குச் சரின்னா அவனே நம்மள மதிக்கமாட்டானே."

"மதிக்க வேண்டாங்க. சோப்புக் குடுத்தாப் போதும்."

மறுபடி ஆரம்பித்தோம். இரண்டாம் தடவை ஆறணாவுக்குக் கேட்டார். மூன்றாம் தடவை இல்லாத சோப்பைத் திருப்பிப் பார்த்து, மாட்டுக்குக் கேட்பதுபோல் பல்லு எத்தனை என்று கேட்காத குறை. எங்களைப் பிரித்த இரண்டு கம்பிவலைகளுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்த காவலர் நின்றுவிட்டார்.

"சரின்னு சொல்லித் தொலைய்யா. மணியடிக்கப் போறாங்க. உனக்காக நான் வாங்கிருவேன் போல இருக்குது."

நான்காம் தடவை மாமா கண்ணை மூடிக்கொண்டு, "சரிங்க," என்றார். பெற்ற பிள்ளையை விற்றவர் மாதிரி முகம் ஆகிவிட்டது.

அடுத்த சந்திப்பில் பேச்சுக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து வலையோரம் காட்டினார். புண்ணெல்லாம் காய்ந்து பொருக்கு உதிர்ந்துகொண்டிருந்தது.

"எட்டணான்னான். சரின்னுட்டேன்."

"அவ்வளவுதானுங்களா?"

"கொசுறு கேட்டேன்."

கடையில் கொசுறு கேட்பவர்களை விரட்டுவதுதான் என் வேலையில் பாதி. "என்னங்க மாமா..."

"வெலை பேசாதேன்னுதான சொன்னே. கொசுறு கேக்காதேன்னு சொல்லலையே. அந்த ஆளு என்னைய ஏற எறங்கப் பாத்தான். டின்னுல அடியில கெடந்த தேங்காண்ணெய ஒரு உள்ளங்கை ஊத்துனான்."

"கையப் பின்னால கட்டியிருந்தீங்களே?"

"அதுக்கு மட்டும் முன்னால கொண்டாந்தேன்."

தண்டனை முடிந்து வந்த பிறகு அவர் போன முதல் சந்தைக்குக் கடையில் பொய் சொல்லிவிட்டு நானும் போனேன். ஒரு வண்டிமாட்டுக்காரர் மாமாவின் கையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு துண்டுக்குள் தன் கையை விட்டார். நெடுநேரம் பேசினார்கள். பக்கத்திலேயே நின்று எத்தனை விரல் என்று கண்டுபிடிக்க நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். கடைசிவரை தெரியவில்லை.